வலது பக்க ஜிப்

— கையில தூக்கிப் பாக்காதீங்கக்கா. கை பொய் சொல்லும். தராசுல வைங்க.

— காத்த மடிச்சு வச்ச மாதிரி இருக்கு தம்பி. இதுக்குள்ள படுத்தா குளிராதா?

— முந்நூத்து நாப்பத்தியொரு கிராம். அந்த ஒரு கிராம் லேபிள். வீட்டுக்குப் போனதும் கத்திரிய எடுத்து வெட்டிருங்க.

— ஒரு கிராமுக்காக லேபிள வெட்டணுமா?

— கிராம் கிராமாத்தான் கிலோ சேருது. நான் பல் பிரஷ்ஷோட கைப்பிடியவே பாதி அறுத்துட்டேன்.

— அப்ப எப்படிப் பல் தேய்ப்ப?

— விரல முழுசா வாய்க்குள்ள விட்டுத்தான். பழகிடுச்சு.

— உன் பொண்டாட்டி ஒண்ணும் சொல்லலையா?

— அவங்க என்ன விட்டுட்டுப் போயி ஏழு வருசம் ஆச்சுக்கா. எடையக் குறைச்சுக் குறைச்சு, கடைசில வீட்டுல நான் ஒருத்தன்தான் மிச்சம். அத விடுங்க. எங்க போறீங்க, எப்பப் போறீங்க, எத்தனை ராத்திரி, கூட யாரு? இந்த நாலும் தெரியாம நான் தூக்கப் பை விக்கிறதில்ல. குராஷினா கடைன்னா மாட்சுமோட்டோவுல அதுக்குத்தான் பேரு.

— தொணதொணப்புக்கும் பேருன்னு டோஃபு கடைக்காரம்மா சொல்லித்தான் அனுப்புனாங்க.

— அவங்க பைய நான்தான் தச்சுக் குடுத்தேன், நன்றி கெட்டவங்க. நீங்க சொல்லுங்க.

— கமிகோச்சில பஸ்ஸ விட்டு இறங்கி, தொகுசாவா புல்வெளில ஒரு ராத்திரி. மேல மலையில, கரசாவால ரெண்டு ராத்திரி. மழைக்காலம் முடிஞ்சுதுன்னு டிவில சொன்ன மறுநாளே கிளம்பிடுவேன்.

— சரியான ஆளு! அந்தப் பத்து நாள்தான் வானம் சொன்ன பேச்சு கேக்கும். கூட?

— யாரும் இல்ல.

— தனியாவா?

— ஏன், அறுபத்தியொரு வயசுப் பொம்பளை தனியாப் போகக் கூடாதுன்னு உன் தராசு சொல்லுதா? தினமும் ரெண்டு லிட்டர் தண்ணி பாட்டில் நாலு, முதுகுப் பையில போட்டுக்கிட்டு ஷிரோயாமா மேடு ஏறுறேன். மொத்தம் எட்டு கிலோ. உச்சிக்குப் போனதும் தண்ணியக் கொட்டிட்டு இறங்குவேன். முட்டிக்கு அதுதான் நல்லதுன்னாங்க.

— அக்கா, உங்களுக்கு நான் சொல்லித் தர ஒண்ணுமில்ல. கோடைன்னு ஏமாந்துடாதீங்க, அது ஒண்ணுதான். கரசாவால விடியக்காலம் அஞ்சு டிகிரிக்கு வந்துடும். இங்க பாருங்க, பையில ரெண்டு எண் போட்டிருக்கான். இது சுகமாத் தூங்கலாம்ங்கிற எண். கீழ இருக்கிறது, செத்துப் போகமாட்டீங்கங்கிற எண். ஆம்பளைங்க எல்லாம் கீழ இருக்கிறதப் பாத்து வாங்கிட்டுப் போயி விடிய விடியக் குத்தவச்சு உக்காந்திருப்பாங்க. நீங்க மேல இருக்கிறத மட்டும் பாருங்க.

— கல்யாணத்துக்கும் இந்த மாதிரி ரெண்டு எண் போட்டுக் குடுத்திருக்கலாம்.

— ஹா! அதுக்கு யாரு தராசு வச்சிருக்கா? சரி, குளிர் எப்படித் தாங்குவீங்க?

— உடம்பு தாங்கிடும். கால்தான். கோடையிலயும் எனக்கு ரெண்டு சாக்ஸ். ராத்திரி ரெண்டு காலும் ஐஸ் கட்டி மாதிரி ஆயிடும். நானே தொட்டா நானே திடுக்கிடுவேன்.

— அப்ப பாதத்துப் பக்கம் தூவி கூடப் போட்டது வேணும். சும்மா இறகு இல்லக்கா இது, வாத்து நெஞ்சுல தோலோட ஒட்டி இருக்குமே, அந்தப் பஞ்சு. இத அழுத்தி வைக்கக் கூடாது. அழுத்தி வச்சா சூடு தராது. வீட்டுல சுருட்டி மூட்டை கட்டி வச்சிராதீங்க, அலமாரியில தொங்க விட்டுருங்க. நீங்க பாட்டுக்கு விட்டுட்டா அது தானா மூச்சு வாங்கி எழுந்திரிச்சுக்கும்.

— எத்தனை வருசம் அழுத்தி வச்சாலும் எழுந்திரிச்சுக்குமா?

— ரொம்ப நாள் ஆனா கொஞ்சம் தட்டிக் குடுக்கணும். கையால. பொறுமையா.

— ம்.

— கால் குளிருக்கு வேற என்ன பண்ணிப் பாத்திருக்கீங்க? வெந்நீர் பாட்டில்?

— அதெல்லாம் வேலைக்காகல. ஒருத்தர் இருந்தாரு. என் ரெண்டு காலையும் எடுத்துத் தன் கெண்டைக்காலுக்கு நடுவுல வச்சு இறுக்கிக்குவாரு. மொதல்ல 'யம்மா'ன்னு கத்துவாரு. ஆனா விடமாட்டாரு. அஞ்சே நிமிசம், நான் தூங்கிடுவேன்.

— அப்படிப் போடுங்க! யாரு அது?

— என் வீட்டுக்காரர்தான். கண்ண ஏன் அப்படி விரிக்கிற?

— 'இருந்தாரு'ன்னீங்களே. மன்னிச்சுக்கோங்க, காலமாயிட்டாரோன்னு...

— நல்லாக் கல்லு மாதிரி இருக்காரு. டிவி முன்னாடி. சோறு, குளியல், தூக்கம். முப்பத்தி நாலு வருசமா அந்த வாயில வர்றது இந்த மூணே வார்த்தைதான். நடுவுல 'ம்'. பசிச்சா ஒரு 'ம்'. வலிச்சா ஒரு 'ம்'. பொண்ணு பிறந்தப்போ ஆஸ்பத்திரிக்கு வந்து எட்டிப் பாத்துட்டு, அதுக்கும் ஒரு 'ம்'. இப்ப கொஞ்ச மாசமா சாயங்காலம் நாலு மணியானா பச்சிங்கோ ஆடக் கிளம்பிடுவாரு. சூதாடுற கடைக்குள்ள அந்த இரைச்சல்லயும் 'ம்'முன்னுதான் உக்காந்திருப்பாரு போல.

— எங்கப்பாவும் அதே கம்பெனி தயாரிப்புதான். அவர் கூட வரமாட்டாராக்கா?

— ஏப்ரல்ல கேட்டேன். 'ஏங்க, இந்தக் கோடைக்கு மறுபடி கரசாவா போலாமா?'ன்னு. 'ம்'முன்னாரு. போலாம்ங்கிற 'ம்'மா, வேணாம்ங்கிற 'ம்'மா? ஒரு வாரம் காத்திருந்தேன். அதுக்கப்புறம் அந்தப் பேச்சே இல்ல. அப்பத்தான் முடிவு பண்ணேன். நான் பட்டம் வாங்கிக்கப் போறேன்.

— இந்த வயசுல காலேஜா? பலே!

— கல்யாணத்துல இருந்து பட்டம்டா. பத்திரிகைல எல்லாம் வருதே. தலைமுடி வெட்டிக்கப் போன இடத்துல படிச்சேன். விவாகரத்து இல்ல, சண்டை இல்ல. பேரு அதேதான், செத்தா போற கல்லறையும் அதேதான். படிச்சு முடிச்சாச்சு, இனி உன் வழி உனக்கு, என் வழி எனக்கு. ஹொத்தாகாவுல எங்கம்மா வீடு பூட்டியே கிடக்கு. ஓபோனுக்கு, செத்துப்போன வீட்டுப் பெரியவங்களக் கும்பிட்டு முடிச்சதும் அங்க போயிடுவேன். அதுக்கு முன்னாடி ஒரு தடவ மலைக்குப் போயிட்டு வந்துடணும். தனியா அங்க படுத்துத் தூங்க முடிஞ்சா, எங்க வேணா தனியாத் தூங்கிடலாம்ல?

— அவர்கிட்டச் சொல்லிட்டீங்களா?

— சாப்பாட்டு நேரத்துல சொன்னேன். 'நாம பட்டம் வாங்கிக்கலாங்க'ன்னு.

— என்ன சொன்னாரு?

— 'ம்'முன்னாரு. அப்புறம் நொசாவானா ஊறுகாய் தீந்துடுச்சான்னு கேட்டாரு.

— அய்யய்யோ.

— அன்னைக்கு ராத்திரி ஊறுகாய் ஜாடியக் கழுவிட்டே அழுதேன் தம்பி. உன்கிட்ட எதுக்குச் சொல்றேன்னு தெரியல. முன்னப்பின்னத் தெரியாத ஆளு.

— மலைக் கடைக்கு வர்றவங்க பாதிப் பேரு இதுக்குத்தாங்க்கா வர்றாங்க. தேநீர் ஊத்தட்டுமா? கப்பு டைட்டானியம், அம்பது கிராம். உதட்டச் சுடும், பாத்துக் குடிங்க.

— கோவம் அவரு பேசலைன்னு இல்ல. பேச்ச நான் பெருசா எதிர்பாக்கல. வேற ஒண்ணு. சொன்னா சின்ன விசயமா இருக்கும்.

— சொல்லுங்க.

— பத்தொன்பது வருசத்துக்கு முன்னாடி அவரு வேலைல முதல் ஷிப்ட் போட்டாங்க. மூணு மணிக்கு எந்திரிக்கணும். 'நீ தூங்கு'ன்னு சொல்லிட்டு, மெத்தையச் சுருட்டிக்கிட்டு மாடியிலயே எதிர் ரூமுக்குப் போயிட்டாரு. நல்ல மனசோடதான் போனாரு, நான் இல்லன்னு சொல்லல. மூணு மணிக்கு எந்திரிச்சு, செருப்புப் போடாம, சாக்ஸக் கையில எடுத்துக்கிட்டு, நாலாவது படி கிறீச்சிடும்னு அதத் தாண்டிக் கால் வச்சு இறங்குவாரு. பூனை தோத்துடும்.

— அவ்வளவு அக்கறையா!

— அதத்தான் நானும் சொல்லிச் சொல்லி என்னையே சமாதானம் பண்ணிக்கிட்டேன். மார்ச்சுல வேலை முடிஞ்சுது. பூச்செண்டு குடுத்து அனுப்பிட்டாங்க. இனிமே மூணு மணி கிடையாது. நான் என்ன பண்ணேன் தெரியுமா, அலமாரியில என் துணிமணி, கிமோனோ பெட்டி எல்லாத்தையும் ஒதுக்கிப் பாதி இடத்தக் காலி பண்ணி வச்சேன். பகல்ல அவரு மெத்தையச் சுருட்டி வைக்க.

— வந்தாரா?

— இன்னைக்கு வருவாரு, நாளைக்கு வருவாருன்னு பாத்தேன். வரல. இப்ப ஜூலை. அந்தப் பாதி அலமாரி இன்னும் காலியாத்தான் இருக்கு.

— நீங்களே கூப்பிட்டிருக்கலாமேக்கா.

— எப்படிக் கூப்பிடறது? அறுபத்தியொரு வயசுல, 'ஏங்க, கால் குளிருது, வந்து படுங்க'ன்னா? நாக்கு வருமா? நீ கூப்பிட்டியா, ஏழு வருசத்துக்கு முன்னாடி, போனவங்கள?

— ...தேநீர் ஆறுது.

— கோச்சுக்காத தம்பி. என் வாய் இருக்கே.

— இல்லக்கா, சரியாத்தான் கேட்டீங்க. பைக்கு வருவோம். தனியாத்தான்னு உறுதின்னா, இந்த ஜிப் இல்லாததையே எடுத்துக்கோங்க. கழுத்துப் பக்கமா உள்ள நுழைஞ்சு, கயித்த இழுத்து மூடிட்டா முடிஞ்சுது. ஜிப் வச்சா எழுபது கிராம் கூடிடும். பெரிய முட்டை ஒண்ணு. ஒரு முட்டைய வேலை இல்லாம கரசாவா வரைக்கும் சுமப்பீங்களா?

— ஜிப்புக்கு வேற வேலையே இல்லையா?

— புழுக்கமா இருந்தா திறக்கலாம். அப்புறம்... ஜோடியா வர்றவங்க ரெண்டு பைய ஒண்ணாச் சேத்துக்கலாம்.

— சேத்துக்கலாமா? இந்த மெல்லிசு பையவும்?

— ஒரே ரகமா இருக்கணும். ஒண்ணுல இடது பக்க ஜிப், இன்னொண்ணுல வலது பக்க ஜிப். ரெண்டையும் திறந்து பக்கத்துல பக்கத்துல வச்சு மாட்டிட்டா, ஒரே பெரிய பை. ஏன், தெரியாத மாதிரி கேக்கறீங்க?

— தெரியும். தொகுசாவா புல்வெளில, எங்களுக்குக் கல்யாணம் ஆகறதுக்கு முந்தின கோடை. அப்ப நான் கரசாவா குடில்ல சமையல் வேலை பாத்தேன். அந்தப் பை ஒவ்வொண்ணும் ரெண்டு கிலோ இருக்கும், நாத்தம் வேற. ஜிப் நடுவுல மாட்டிக்கிட்டு நகரவே இல்ல. அவரு பல்லால கடிச்சு இழுத்தாரு. நான் சிரிச்ச சிரிப்புல பக்கத்து டெண்ட்ல இருந்து திட்டினாங்க. அன்னைக்குத்தான் முதல் தடவ என் காலப் பிடிச்சு இறுக்கிக்கிட்டாரு.

— அக்கா, உங்களுக்கு ஜிப் வச்சதே குடுக்கட்டுமா?

— எதுக்கு? மறு பாதி யாரு? காத்தா? ஜிப் இல்லாததையே போடு. முட்டைய ஏன் சுமக்கணும்.

— சரி. குட்டையானவங்களுக்குன்னே ஒரு அளவு இருக்கு, அதுல இன்னும் இருபது கிராம் மிச்சம். ஜிப்புன்னதும் ஞாபகம் வருது, ரெண்டு வாரம் முன்னாடி ஒரு ஆளு வந்தாரு. விசித்திரமான ஆளு.

— உன்ன விடவா?

— கேளுங்க. அரை மணி நேரம் அந்த ஸ்டூல்ல உக்காந்திருந்தாரு. வாயே திறக்கல. நானே பேசினேன், தெரியும்ல என் வாய். ஜிப் இல்லாதத எடுத்துக்கோங்கன்னேன். தலைய ஆட்டினாரு, வேண்டாம்னு. சரி, எந்தப் பக்கம்? 'வலது.' அண்ணே, வலது கை பழக்கம் உள்ளவங்களுக்கு இடது பக்க ஜிப்புதான் வசதி, படுத்துக்கிட்டே வலது கைய இப்படிக் குறுக்க நீட்டித் திறக்கலாம். உலகமே இடதுதான் வாங்குது, கடைல வலது வச்சிருக்கறதே இல்லன்னேன். 'வலது.' ஆர்டர் போட்டு வரவழைக்கணும், ரெண்டு வாரம் ஆகும்னேன். 'வலது.' எனக்குத் தலை வெடிச்சிடுச்சு. ஏன் அண்ணே வலதுன்னு கேட்டேன்.

— என்ன சொன்னாரு?

— 'அவ எனக்கு வலப்பக்கம் படுப்பா'ன்னாரு. மொத்தமா அன்னைக்கு அவரு பேசின முழு வாக்கியமே அது ஒண்ணுதான்.

— யாரோ குடுத்து வச்சவ. இப்படி ஒருத்தர் ரெண்டு வாரம் காத்திருந்து வாங்கறாருன்னா... அவளுக்குத் தெரியுமோ என்னமோ. தெரியாம வீட்டுல உக்காந்து அவரத் திட்டிட்டு இருப்பா. அந்தப் பொம்பளையப் பாத்தா சொல்லு, கண்ணத் தொறந்து பாருடின்னு.

— சொல்றேன். ஆளு வேற பாக்கவே தமாஷா இருந்தாரு. முழங்கை எல்லாம் வெயில்ல காஞ்சு கறுத்துக் கிடக்கு, மணிக்கட்டுல இருந்து கை மட்டும் வெள்ளை வெளேர்னு, சின்னக் குழந்தை கை மாதிரி. நான் பயந்துட்டேன், ஏதாவது தோல் வியாதியோன்னு.

— கை மட்டும் வெள்ளையா?

— ஆமா, கோடு போட்ட மாதிரி.

— தம்பி. பஸ் ஓட்டறவங்க கையுறை போடுவாங்க. வெள்ளைக் கையுறை.

— அட, ஆமால்ல! எனக்குத் தோணவே இல்ல பாருங்க. கமிகோச்சி பஸ் டிரைவரா இருந்திருப்பாரு. பெரிய உடம்பு, இடது புருவத்துல ஒரு வெட்டு... அக்கா? கப்ப வைங்க, கொட்டுது.

— அந்தச் சீட்டு எங்க? ஆர்டர் சீட்டு?

— இதோ. குடும்பப் பேரு மொமொசே. மாட்சுமோட்டோவுல கல்ல விட்டெறிஞ்சா ஒரு மொமொசே மேலதான் விழும். ஏன், தெரிஞ்சவரா? உங்க பேரு என்னக்கா, நான் கேக்கவே இல்லையே.

— மொமொசே மிவாகோ.

— அய்யோ. அக்கா, ஒரு விசயம். அந்தப் பை நேத்து வந்துடுச்சு. இன்னைக்குப் பன்னெண்டு மணிக்கு வந்து எடுத்துக்கறேன்னு சொல்லியிருக்காரு.

— இப்ப மணி என்ன?

— பன்னெண்டாக மூணு நிமிசம்.

— அவரு ஒரு நாள்கூட லேட்டாப் போனதில்லடா! பின்வாசல் இருக்கா?

— இருக்கு, ஆனா அங்க நாலு டெண்ட் காயுது, தாண்ட முடியாது. அக்கா, மூச்சு விடுங்க. உக்காருங்க.

— இந்தப் பைய மூடு. ஜிப் இல்லாதத. மறைச்சு வையி!

— வாங்க அண்ணே, வாங்க. மழை பலமா? குடைய அந்த வாளில போடுங்க.

— ம்.

— உங்க... உங்க பை வந்துடுச்சு. அப்புறம், உங்க வீட்டுக்காரம்மாவும் வந்திருக்காங்க. நான் உள்ள போயி எடை பாத்துட்டு வந்துடறேன்.

— எத எடை பாக்கப் போற?

— எதையாவதுக்கா!

— ஏங்க, நீங்க இங்க என்ன பண்றீங்க?

— பை.

— எதுக்குப் பை?

— பயணத்துக்கு.

— யார் பயணம்?

— பட்டம் வாங்கினா பயணம் போவாங்கல்ல. படிப்பு முடிஞ்சதும். நம்ம பொண்ணுகூடப் போனாளே, ஒகினாவாவுக்கு.

— அய்யோ கடவுளே. ஏங்க, நான் சொன்ன பட்டம் என்ன பட்டம்னு புரிஞ்சுதா உங்களுக்கு?

— புரிஞ்சுது. பல் டாக்டர்கிட்ட அதே பத்திரிகை கிடந்துச்சு. படிச்சேன். ரெண்டு தடவ.

— படிச்சுமா?

— ம். கூடப் படிச்சவங்களோடதான அந்தப் பயணம் போவாங்க. முப்பத்தி நாலு வருசம் உன் பக்கத்துல உக்காந்து படிச்சது நான்தான்.

— வாய் இருக்கா உங்களுக்கு! இவ்வளவு நாள் எங்க வச்சிருந்தீங்க? ஏப்ரல்ல கேட்டேனே, கரசாவா போலாமான்னு?

— 'ம்'முன்னேனே.

— அது என்ன 'ம்'?

— போலாம்ங்கிற 'ம்'.

— எனக்கு எப்படித் தெரியும்!

— ...தப்புதான்.

— அந்தத் தொப்பைய வச்சுக்கிட்டுக் கரசாவா ஏறிடுவீங்களா?

— தினம் ஷிரோயாமா ஏறுறேன். தண்ணி பாட்டில் போட்டுக்கிட்டு. நீ காலைல போற. நான் சாயங்காலம் நாலு மணிக்கு.

— பச்சிங்கோ ஆடப் போறீங்கன்னு நினைச்சேன்.

— பச்சிங்கோ எனக்குப் பிடிக்காது. இரைச்சல்.

— எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்னவாம்?

— மூச்சு வாங்குச்சு. பாதியிலயே உக்காந்துட்டேன் முதல் வாரம். முழுசா ஏறின பிறகு சொல்லலாம்னு.

— எப்ப ஏறினீங்க?

— நேத்து. மிவாகோ, கேளு.

— பேர் சொல்லிக் கூப்பிடாதீங்க திடீர்னு. பயமா இருக்கு.

— நீ பட்டம் வாங்கிக்க. உனக்கு அது தகும். நீ எல்லாத்துலயும் பாஸ். நான் ஃபெயில். எனக்கு இன்னொரு வருசம் வேணும்.

— ஃபெயிலான பையன் கூடவே பாஸானவளும் உக்காரணுமா?

— உக்கார வேணாம். பக்கத்துல படுத்தாப் போதும்.

— சத்தமாப் பேசாதீங்க, அந்தத் தம்பி கேட்டுட்டு இருக்கான்!

— நான் கேக்கலக்கா! எடை பாத்துட்டு இருக்கேன்!

— ஏங்க, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். 'ம்'முன்னு சொன்னீங்க, கொன்னுடுவேன். மார்ச்சுல ஏன் வரல? அலமாரியில பாதி இடம் காலி பண்ணி வச்சேனே.

— பாத்தேன். புதுசா ஏதோ வாங்கப் போறன்னு நினைச்சேன்.

— மெத்தைய எடுத்துட்டு வரணும்னு தோணவே இல்லையா?

— வந்தேன்.

— எப்ப?

— பூச்செண்டு குடுத்த அன்னைக்கே. மெத்தையத் தூக்கிட்டு உன் கதவு வரைக்கும் வந்தேன். சாத்தியிருந்துச்சு.

— காத்து வரும்னு சாத்துவேங்க! எனக்குக் கால் குளிரும்!

— நீ வேண்டாம்னுதான் சாத்தியிருக்கன்னு நினைச்சேன். அப்புறம் தூங்கிட்டிருப்ப, எழுப்பக் கூடாதுன்னு திரும்பிப் போயிட்டேன். மறுநாளும் வந்தேன். அதுக்கு மறுநாளும். அப்புறம் கூச்சமாயிடுச்சு.

— ஒரு தட்டு. கதவுல ஒரே ஒரு தட்டு தட்டியிருந்தா...

— உன் தூக்கம் கெட்டுடும்னு...

— குராஷினா தம்பி! எடை பாத்தது போதும், வெளிய வா.

— வந்துட்டேன், வந்துட்டேன். என்னக்கா?

— இவர் வாங்கின ரகத்துலயே இடது பக்க ஜிப் இருக்கா? குட்டை அளவுல?

— இருக்கு. ஆனா எழுபது கிராம் கூடும், பரவால்லையா?

— முட்டைதான? சுமந்துக்கறேன். நீ ஏன் கண்ணத் துடைக்கிற?

— தேநீர் ஆவிக்கா. இந்தாங்க. சரியா மாட்டுதான்னு தரையில விரிச்சுப் பாத்துடலாம். அண்ணே, உங்களோடது இப்படி, அக்காவோடது வலப்பக்கம். இழுங்க, மெதுவா. தூவித் துணி மெல்லிசு, ஜிப்புல கடிச்சிடும்.

— மாட்டிக்கிட்டா பல்லால இழுப்பாரு. பழக்கம்தான்.

— அது... அது உனக்கு இன்னும் ஞாபகம் இருக்கா?

— உங்களுக்கு?

— பக்கத்து டெண்ட்ல இருந்து திட்டினாங்க.

— மாட்டிடுச்சு பாருங்க, ஒரே பை! ஒரே ஒரு விசயம் சொல்லிக்கறேன். மேல எல்லாரும் விடியறதுக்கு முன்னாடி மூணு மணிக்கே எந்திரிச்சிடுவாங்க, சிகரத்துக்குக் கிளம்ப. சேத்து மாட்டின பையில ஒருத்தர் அசைஞ்சா இன்னொருத்தர் முழிச்சுக்குவாங்க. அண்ணே, நீங்க முதல்ல எந்திரிச்சா மெதுவா ஜிப்பத் திறந்து...

— எனக்குப் பழக்கம். சத்தம் வராது. இவ முழிக்கமாட்டா.

— ஆமா, நம்ம வீட்டு நாலாவது படி கிறீச்சிடும்னு தாண்டிக் கால் வச்சு இறங்குற ஆளாச்சே.

— நாலாவது படி உனக்கு எப்படித் தெரியும்? நீ தூங்கிட்டுதான இருப்ப?

— பத்தொன்பது வருசத்துல மூணு மணிக்கு நான் ஒருநாள்கூடத் தூங்கினதில்லங்க.